செத்த யாழும் சாகாத பறையும்: கடந்தகாலத்தை நடிப்பவர்களின் இசை குறித்து

1

கடந்தகாலத்துக்கு ஓசை கிடையாது. வாள் துருப்பிடித்தாவது மிஞ்சும். பானை ஓடு மண்ணுக்குள் கிடக்கும். கல்வெட்டு நிற்கும். ஒரு போர்க்களத்தில் அடித்த கொட்டு எப்படிக் கேட்டது என்பதற்கு மட்டும் தடயமே இல்லை. எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி வந்தது 1877-இல்தான். அதற்கு முந்தைய இசையைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் ஏட்டையும் சிற்பத்தையும், இன்னும் வாசித்துக்கொண்டிருப்பவர்களின் கைப்பழக்கத்தையும் வைத்து ஊகிப்பதுதான். இந்த ஊகத்தை யார் செய்கிறார்கள், யாருக்காகச் செய்கிறார்கள், செய்யும்போது யாரைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறார்கள் என்பதே என் கேள்வி. கேள்வி எழுந்த இடம் கள்ளக்குறிச்சி. அங்கே வருவதற்கு முன் கொஞ்சம் ஐரோப்பாவைச் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

மேற்கே, வரலாற்றை நடித்துக் காட்டுபவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. வார நாட்களில் ஆபீஸ் வேலை, வாத்தியார் வேலை பார்ப்பவர்கள் சனி ஞாயிறு வந்தால் இரும்புச் சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கிப் பழைய சண்டைகளைப் போடுவார்கள். 1966 மே மாதம் அமெரிக்காவின் பெர்க்லியில், ஒரு வீட்டுத் தோட்டத்தில் நடந்த கேளிக்கையிலிருந்து மத்தியகால ஐரோப்பாவை நடிக்கும் சங்கம் ஒன்று பிறந்தது. இன்று பல நாடுகளில் அதற்குக் கிளைகள். 1968-இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'சீல்டு நாட்' என்ற அமைப்பு 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரை நடிக்கிறது. உடையைத் தைக்க மியூசியத்தில் மாதிரி இருக்கிறது. இசைக்கு மாதிரி இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் 'கெல்ட்டிக்', 'மத்தியகால' என்ற முத்திரைகளோடு விற்கப்படும் நாட்டார் இசை. ஹார்ப், தகரக் குழல், பௌரான் எனும் வட்டக் கொட்டு, பூஸூக்கி எனும் நரம்புக் கருவி. கேட்டால் ஆயிரம் வருஷத்துப் பழமை போலிருக்கும்.

கொஞ்சம் விசாரித்தால் கதை வேறு. பூஸூக்கி கிரேக்க நாட்டுக் கருவி. அயர்லாந்து இசைக்குள் அது நுழைந்ததே 1960-களின் நடுவில்தான். பௌரான், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேஷம் கட்டி வீடுவீடாகப் போகும் பையன்கள் தட்டிக்கொண்டு போன ஆட்டுத்தோல் கொட்டு. அதைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் 1960-களில் ஷான் ஓ ரியாடா என்ற இசையமைப்பாளர். பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள பிரெட்டனியின் 'பழைய' ஹார்ப், ஆலன் ஸ்டிவெல் என்ற கலைஞரின் தகப்பனார் 1953-இல் மறுபடி செய்த கருவி. மகன் 1971-இல் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பிலேயே 'மறுமலர்ச்சி' என்ற சொல் இருக்கிறது. அதாவது அவர்கள் மறைக்கவில்லை. கேட்பவர்கள்தான் மறந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் 'புனைவு' என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் ஒரு விமர்சனச் சோம்பல் நம்மிடம் இருக்கிறது. எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983-இல் தொகுத்த நூலுக்குப் பிறகு, மரபுகள் கண்டுபிடிக்கப்படுபவை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புனைவு என்று காட்டுவது முதல் படி. அந்தப் புனைவுக்குள் யாருக்கு இடம் கிடைத்தது, யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று பார்ப்பது அடுத்த படி. அங்கேதான் அரசியல் தொடங்குகிறது.

2

1792-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஜூன் 21-இல் லண்டனின் ப்ரிம்ரோஸ் குன்றில், வேல்ஸ் நாட்டுக் கல்தச்சர் எட்வர்ட் வில்லியம்ஸ் சில கூழாங்கற்களை வட்டமாக வைத்து ஒரு சடங்கு நடத்தினார். பழங்காலப் பாணர்களின் அறுபடாத சடங்கு இது என்றார். அதற்கு ஆதாரமாக அவர் காட்டிய சுவடிகளில் பல அவரே எழுதியவை. 1819 முதல் அந்தச் சடங்கு வேல்ஸின் கலைவிழாவோடு சேர்ந்துவிட்டது. இன்றும் அங்கிகள் உடுத்திய ஊர்வலத்தோடு நடக்கிறது.

அதே 1792 ஜூலையில் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் இன்னொரு கூட்டம். ஊர் ஊராகப் போய்ப் பிழைத்துக்கொண்டிருந்த ஹார்ப் கலைஞர்களில் எஞ்சியவர்களைத் தேடி அழைத்திருந்தார்கள். அயர்லாந்துக்காரர்கள் 10 பேர் வந்தார்கள். பலர் பார்வையற்றவர்கள். 90 வயதைத் தாண்டிய டெனிஸ் ஹெம்ப்சன் ஒருவர்தான் கம்பி நரம்பை நகத்தால் மீட்டும் பழைய முறையில் வாசித்தார். அவர்கள் வாசித்ததை எழுதிக்கொள்ள அமர்த்தப்பட்டவர் எட்வர்ட் பண்ட்டிங் என்ற 19 வயது ஆர்கன் வாசிப்பாளர். 1796-இல் அவர் அதை அச்சிட்டபோது மெட்டுகள் பியானோவுக்குத் தோதாக மாற்றப்பட்டிருந்தன. பாட்டின் சொல் போயிற்று. நகத்தால் மீட்டும் முறை தாளில் ஏறவில்லை. மெட்டு மட்டும் நடுத்தர வர்க்க வீட்டு வரவேற்பறைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரே கோடையில் ரெண்டு காரியம். ஒன்று இல்லாத பாணரை உண்டாக்கியது. மற்றொன்று இருந்த பாணரைத் தாளாக மாற்றியது. வாசித்தவர்கள் செத்து மறைந்த பிறகும் ஹார்ப் அயர்லாந்தின் தேசியச் சின்னமாக நிலைத்தது. இன்று அந்நாட்டு அரசு முத்திரையிலும் நாணயத்திலும் அது இருக்கிறது.

உயிரோடிருந்த இசை எங்கே இருந்தது? அயர்லாந்தில் 'டிராவலர்' எனப்படும் நாடோடிச் சமூகம் உண்டு. தகர வேலை, குதிரை வியாபாரம் செய்தவர்கள். குடியிருப்பவர்களால் இழிவாகப் பார்க்கப்பட்டவர்கள். முழங்கையால் துருத்தியை அழுத்திக் காற்றடைக்கும் குழலை வாசிப்பதில் பெரிய ஆட்கள் இவர்களில் இருந்தார்கள். ஜானி டோரன் அவர்களில் ஒருவர். குதிரை வண்டியில் சந்தை சந்தையாகப் போய் வாசித்தவர். 1947-இல் நாட்டார் வழக்காற்று ஆணையம் அவர் வாசிப்பைப் பதிவு செய்தது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் டப்ளினில் அவர் வண்டிமேல் சுவர் இடிந்து விழுந்து முடமானார். 1950-இல் இறந்துபோனார். அவர் சமூகத்தைத் தனி இனக்குழுவாக அயர்லாந்து அரசு ஏற்றுக்கொண்டது 2017-இல். நாணயத்தில் ஹார்ப்புக்கு இடம் கிடைத்து ரொம்ப காலம் கழித்து.

3

இந்த அயர்லாந்துக் கதை நமக்கு அந்நியமானதல்ல. க. கைலாசபதி பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த ஆய்வு 1968-இல் ஆங்கில நூலாக வந்தது. சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் வீரயுகப் பாடல்களோடு வைத்துப் பார்த்த நூல் அது. பாணர் என்ற சமூக வகையைப் பெருமைப் பேச்சிலிருந்து இறக்கி, பசியோடு புரவலரைத் தேடி நடக்கும் தொழில்முறைக் கலைஞராக நமக்குக் காட்டியதில் கைலாசபதிக்குப் பெரிய பங்குண்டு. அதே 1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அலங்கார ஊர்திகள் போயின. ஒருபக்கம் பாணனைப் பற்றிய ஆய்வு, மறுபக்கம் பழந்தமிழ் வாழ்வின் ஊர்வலம். ரெண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

எம்.ஏ. தமிழ் படித்த எங்களுக்கு யாழ் வகைகள் மனப்பாடம். பேரியாழ், சீறியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். பறை வகைகளும் பாடத்தில் உண்டு. ஆனால் அவை அகராதிச் சொற்கள். பறை அடிப்பவர் அடுத்த தெருவில் இருந்தார் என்பதும், பாடத்திலுள்ள பறையும் சாவு வீட்டில் கேட்கும் பறையும் ஒரே பெயர் கொண்டவை என்பதும் வகுப்பில் பேசப்படவில்லை. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும் நூற்பாவில் பறையும் யாழும் சேர்ந்தே வருகின்றன. முல்லைக்கு ஒரு பறை, ஒரு யாழ். குறிஞ்சிக்கு ஒரு பறை, ஒரு யாழ். இலக்கணக்காரருக்கு ரெண்டும் சமமான பொருள்கள். புறநானூற்றின் 335-ஆம் பாட்டு, குடி என்று சொல்லத்தக்கவை என நாலு பேரை மட்டும் எண்ணுகிறது. பாணனும் பறையனும் துடியனும் அதில் சரிசமமாக நிற்கிறார்கள். இந்தச் சமத்துவம் எப்போது உடைந்தது?

யாழ் உயர்ந்தோர் கருவியாக இருந்ததால்தான் போற்றப்பட்டது என்று நினைத்தால் அது தவறு. யாழ் வாசித்த பாணர்களே பிற்காலத்தில் தீண்டாமைக்கு ஆளானவர்கள். சம்பந்தரோடு சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் கதையைப் பெரியபுராணத்தில் பாருங்கள். மதுரைக் கோயில் வாசலில் நின்றுதான் வாசிக்கிறார். உள்ளே அழைத்துவரக் கடவுளே கனவில் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருப்பாணாழ்வாரைக் கோயிலுக்குள் கொண்டுவர ஒரு முனிவரின் தோள் தேவைப்படுகிறது. 1909-இல் தர்ஸ்டன் தன் சாதித் தொகுதிகளை வெளியிட்டபோது மதுரை, திருநெல்வேலிப் பகுதிப் பாணர்களைத் தையல்காரர்கள் என்று பதிவு செய்கிறார். கருவி போய், தொழில் மாறி, பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது.

அதற்குப் பிறகுதான் யாழின் மறுபிறப்பு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' 1917-இல் வந்தது. விபுலாநந்த அடிகள் சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அடியார்க்குநல்லார் உரையையும் வைத்து, யாழின் நரம்புகளுக்கு உரிய சுருதிகளைக் கணக்குப் போட்டு எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. நூலில் விவரித்தபடி செய்த யாழ்களை ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள். ஜானி டோரனின் குழல் அயர்லாந்தில் பதிவான அதே வருஷம். அடுத்த மாதம் அடிகள் காலமானார். அவர் உழைப்பின் பெருமையை நான் குறைக்கவில்லை. தெலுங்குக் கீர்த்தனைகளே சங்கீதம் என்று சபாக்கள் சாதித்த காலத்தில், தமிழிசைக்கு ஒரு கணிதமும் வரலாறும் உண்டு என்று காட்டியது பெரிய எதிர்ப்பு. நான் கேட்பது வேறு. தீண்டத்தகாதவராக வாசலில் நிறுத்தப்பட்ட பாணனின் கருவி, பாணன் இல்லாமல் போன பிறகு கோயிலுக்குள் ஊர்வலம் வர முடிந்தது. உயிரோடிருந்த பறையனின் கருவிக்கு அப்படியொரு ஊர்வலம் 1947-இல் சாத்தியமா?

செத்த கருவிக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அதை வாசிப்பவன் கூலி கேட்க மாட்டான். கோயிலுக்குள் வருவேன் என்று சொல்ல மாட்டான். அவன் சாதி என்ன என்று யாரும் கேட்கத் தேவையில்லை. கடந்தகாலத்தை நடிப்பவர்களுக்குச் செத்த கருவிகள் பிடித்துப்போவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மாநாட்டு ஊர்திகளில் யாழேந்திய பெண் பொம்மையாகவோ பொம்மை போன்ற பெண்ணாகவோ உட்கார்ந்திருப்பதை இந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும். 2010-இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டில் 'இனியவை நாற்பது' என்ற பெயரில் 40 ஊர்திகள் போனது வரைக்கும் இந்தக் காட்சி மரபு நீள்கிறது.

4

இப்போது கள்ளக்குறிச்சிக்கு வரலாம். பழைய தென்னாற்காட்டின் மேற்குக் கோடி. 1993-இல் விழுப்புரம் மாவட்டத்தோடு போய், 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மேற்கே கல்வராயன் மலை. மலைக்கு வடக்கே செங்கம். மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊர் அது. அந்தப் பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயருண்டு. தொடக்கத்திலேயே முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று ஒரு கூத்துக் குழு தூக்கிக்கொண்டு நடந்த கருவிகளின் பட்டியல் வருகிறது. உ.வே.சா. 1889-இல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்த பிறகு நமக்கு மறுபடி கிடைத்த பட்டியல். இதை வைத்துக்கொண்டு ஒரு 'சங்ககால இசைக்குழு' அமைக்கலாம். அமைத்தால் அது ஐரோப்பியக் கெல்ட்டிக் குழுவுக்குச் சமமான காரியமாக இருக்கும். நன்றாகவும் இருக்கலாம்.

ஆனால் இதே நிலப்பரப்பில், எந்தப் பட்டியலையும் பார்க்காமல், வருஷா வருஷம் ஒரு பழைய போரை நடித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக் கலைஞர்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் ஆளுயரத்துக்கும் பல மடங்கு பெரிதாகத் துரியோதனனைப் படுக்கவைத்துச் செய்திருப்பார்கள். வீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த மண்ணுடம்பைச் சுற்றி ஓடி மோதும். தொடை பிளந்த பிறகு திரௌபதி கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-லும் 1991-லும் வெளியிட்ட ரெண்டு பெரிய தொகுதிகளில் இந்த வழிபாட்டை ஆராய்ந்திருக்கிறார். வெள்ளைக்காரன் எழுதியதால் பெரிசு என்று சொல்லவில்லை. நம் பல்கலைக்கழகங்கள் அப்போது யாழின் நரம்பை எண்ணிக்கொண்டிருந்தன என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தக் கூத்தின் இசை எப்படிப்பட்டது? களரி கட்டும்போது மிருதங்கமும் கைத்தாளமும் சேர்ந்து ஊரைக் கூப்பிடும். முகவீணை என்ற சிறிய ஊதுகருவி, நாகசுரத்தின் சின்னத் தம்பி மாதிரி, வேஷக்காரரின் உச்சக் குரலைத் துரத்திக்கொண்டே போகும். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். நடுவில் ஆர்மோனியம். இது 19-ஆம் நூற்றாண்டு பிரான்சில் உருவாகி, நாடகக் கம்பெனிகள் வழியாகக் கிராமத்துக்கு வந்த கருவி. நம் சங்கீதத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940-இல் தடை செய்த கருவி. அந்தத் தடை தளர 1971 ஆயிற்று. பாரதப் போரில் ஆர்மோனியம் எப்படி வந்தது என்று கூத்து வாத்தியாரைக் கேட்டுப் பாருங்கள், நீங்கள் ஏதோ வெவரமில்லாத ஆள் என்பது போல் பார்ப்பார். சுதி வேணும், அவ்வளவுதான். அசலா, போலியா என்ற கேள்வியே அங்கே கிடையாது.

இது முக்கியமான வேறுபாடு. மேற்கத்திய நடிகர் கடந்தகாலம் போய்விட்டது என்று ஒத்துக்கொண்டு அதன் பிரதியைச் செய்கிறார். அதனால் பிரதி அசலோடு பொருந்துகிறதா என்ற கவலை அவருக்கு. கூத்தில் கடந்தகாலம் போகவில்லை. உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்தில் சித்திரை மாதம் அரவான் களப்பலியாகிறான். முந்தின நாள் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, மாரடித்து அழுகிறார்கள். அங்கே கும்மியும் ஒப்பாரியும் யாரோ ஒருவருடைய பழைய துக்கத்தை நடிக்கவில்லை. வருஷம் பூராவும் வீட்டாலும் தெருவாலும் விரட்டப்பட்டவர்கள் தங்கள் துக்கத்தை அழ ஒரு சாவு கிடைக்கிறது. பாரதம் என்ற பெரும் பிரதியில் ஓரத்தில் கிடந்த அரவானை இழுத்து நடுவில் வைத்தது இந்த மண். அதற்கு எந்தப் புலவரின் அங்கீகாரமும் தேவைப்படவில்லை.

5

இதைச் சொல்லிவிட்டுக் கூத்தை ஒரு புனிதமான மக்கள் கலையாக முன்னிறுத்தி நிறுத்திக்கொண்டால் நானும் ஊர்திக்காரன்தான். படுகளத்துக்குள் யார் வரலாம்?

படுகளத்தில் பம்பையும் உடுக்கையும் கேட்கும். பல ஊர்களில் பறைமேளமும் சேர்ந்து கேட்கும். சாமி வருவதும் வீரர்கள் ஓடுவதும் அந்தக் கொட்டால்தான். கொட்டுபவர் சேரியிலிருந்து வருகிறார். கொட்டு கோயிலுக்குள் கேட்கிறது, கொட்டுபவர் எங்கே நிற்கிறார் என்பதை ஊர் தீர்மானிக்கிறது. பக்கத்து விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் வருவதை எதிர்த்து எழுந்த தகராறில், 2023 ஜூனில் வருவாய்த்துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில்தான் தலித்துகள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. பஞ்ச பாண்டவருக்கு நியாயம் கேட்கும் கதையை விடிய விடியப் பார்க்கிற ஊர்களின் வட்டாரத்தில்தான் இது நடந்தது.

அதனால்தான் பறையை வைத்து இங்கே ரெண்டு அரசியல் இருந்திருக்கிறது. தென்னாற்காட்டின் தலித் தலைவர் எல். இளையபெருமாள், சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடிப்பதைச் சாதிக் கடமையாக ஏற்கக் கூடாது என்று இயக்கம் நடத்தியவர். பறையை விட்டொழிப்பது அந்தத் தலைமுறைக்கு விடுதலை. அதற்காக அடி வாங்கியவர்கள் உண்டு. 1990-களில் தலித் கலைவிழாக்கள் அதே பறையை மேடைக்குக் கொண்டுவந்தன. இழிவின் அடையாளம் என்று சொல்லப்பட்டதை எதிர்ப்பின் ஓசையாக்குவோம் என்றார்கள். இந்த ரெண்டில் எது சரி என்று வெளியே இருப்பவர்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைப் பார்க்கலாம். ரெண்டு நிலைப்பாட்டிலும் பறை அடிப்பவரின் விருப்பமே மையம். அடிக்கமாட்டேன் என்பதும் அவர் முடிவு, நான் இஷ்டப்பட்ட இடத்தில் அடிப்பேன் என்பதும் அவர் முடிவு.

இன்று மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. பறை 'ஆதித் தமிழர் இசை' என்று எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. கல்லூரி விழாக்களில், கட்சி ஊர்வலங்களில், சோழர் காலப் படங்களின் போர்க்காட்சிகளில் பறை ஒலிக்கிறது. நல்லதுதானே என்பீர்கள். ஒரு பக்கம் நல்லதுதான். 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் ஒரே பட்டியலில் பத்மஸ்ரீ கிடைத்தது. அது மேல்பாதிக் கோயில் மறுபடி திறந்த அதே வருஷம் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மரச் சட்டத்தில் கன்றுத் தோலை இழுத்து ஒட்டி, அடிப்பதற்கு முன் வைக்கோல் தீயில் காய்ச்சி, சிண்டுக் குச்சியும் அடிக்குச்சியும் கொண்டு வாசிப்பது பறை. இப்போது இரும்புச் சட்டமும் ஃபைபர் தோலும் போட்ட பறை கிடைக்கிறது. மழைக்குத் தாங்கும், காய்ச்ச வேண்டாம். வசதிதான், வசதியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தோல் போனபோது தோல் உரித்தவரும் போனார். மாட்டுத் தோலைத் தொடாமல் பறையைத் தொட முடிகிறது. பறையரைத் தொடாமல் பறையைத் தூக்க முடிகிறது. யாழுக்கு நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது பறைக்குச் சில பத்தாண்டுகளில் நடக்கலாம். கருவி பொதுவாகி, அதை வாசித்த சமூகத்தின் பெயர் அடிக்குறிப்பாகிவிடலாம். பெல்ஃபாஸ்ட்டில் பண்ட்டிங் நல்ல மனசோடுதான் எழுதிக்கொண்டார் என்பதை நினைவில் வைப்போம்.

6

கல்வராயன் மலையைச் சொல்லாமல் இது முழுமையாகாது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகள் கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசுபவர்கள். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். தர்ஸ்டன் முதலானோர் பதிவு செய்த அவர்களின் கதைப்படி முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் வெவ்வேறு மலைகளுக்குப் போனதாகக் கதை. யார் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும்.

இந்தக் கதை உண்மையா என்று ஆராய்வது என் வேலையில்லை. அது சொல்லும் விஷயம் எனக்கு முக்கியம். நாங்கள் ஆதியிலிருந்தே காட்டில் கிடந்தவர்கள் அல்ல, ஒரு நகரத்திலிருந்து ஒரு காரணத்தோடு கிளம்பி வந்தோம் என்கிறார்கள். தங்களுக்கு வரலாறு உண்டு என்று உரிமை கோருகிறார்கள். சமவெளியும் அரசும் அவர்களுக்குக் கொடுக்கும் வேஷமோ இதற்கு நேர் எதிரானது. கோடை விழா மேடையில் ஏறும்போது அவர்கள் 'பழங்குடி நடனம்'. காலமற்ற, கள்ளங்கபடமற்ற, இயற்கையின் குழந்தைகள். ஐரோப்பிய நகரவாசிக்குக் கெல்ட்டிக் மனிதன் எப்படியோ அப்படி. கெல்ட்டிக் என்பதும் முதலில் ஒரு மொழிக்குடும்பத்துக்கு 1707-இல் எட்வர்ட் லூய்ட் நிலைநிறுத்திய பெயர்தான். பிறகு அது இரத்தமாயிற்று, கனவாயிற்று, கடைச் சரக்காயிற்று.

மலைக்கு உண்மையில் ஒரு வரலாறு இருக்கிறது. அது நடனத்தில் காட்டப்படுவதில்லை. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்களின் கீழ் அந்த மலை இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து, ஜமீன்கள் ஒழிந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் ஜாகீர் நீடித்தது. 1976-இல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்த பிறகு, மலைமக்களின் நிலை என்ன என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அடிப்படைக் கேள்விகளே அங்கே எழுந்தன. மலை நம் நினைவுக்கு வருவது ரெண்டே சந்தர்ப்பங்களில்: சாராயம் காய்ச்சும்போது, மேடையில் ஆடும்போது. காலமற்றவர்கள் என்று ஆக்கப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி தேவை என்பது எப்படி நினைவுக்கு வரும்?

7

கடந்தகாலத்தை நடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கடந்தகாலம் தேவை. வேல்ஸ்காரர்களுக்குத் தங்கள் மொழியைக் காப்பாற்ற அந்தக் கூழாங்கல் வட்டம் உதவியிருக்கிறது. சம்ஸ்கிருத மேலாண்மைக்கு எதிராக யாழ் நமக்கு உதவியது. இன்று இளைஞர்கள் யாழைச் செதுக்கி நரம்பு கட்டி வாசிப்பதும் எனக்கு மகிழ்ச்சிதான். ஹார்ப்பும் யாழும் மறுபடி வாசிக்கப்படட்டும்.

செயல்படுகிற நண்பர்களிடம் நான் கேட்பது மூன்று விஷயம். ஒரு கலைவிழாவில் பழங்காலத்தை மேடையேற்றும்போது, நாம் எடுக்கும் கருவியை இன்று வாசிப்பவர் யார் என்று முதலில் கேட்போம். அப்படி ஒருவர் இருந்தால், அவர் ஊரில் அவரை எங்கே நிறுத்துகிறார்கள் என்று இரண்டாவதாகக் கேட்போம். மூன்றாவது, காசு. ராத்திரி பத்து மணியிலிருந்து விடியும்வரை நின்று ஆடும் கூத்து ஜமாவுக்கும், பறைக்குழுவுக்கும் நாம் என்ன கொடுக்கிறோம், எப்போது கொடுக்கிறோம், யார் கையில் கொடுக்கிறோம். 1990-இல் கூத்துக் கலைஞர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்து, 'தெருக்கூத்து' என்ற பெயரில் ஒட்டியிருக்கும் இளக்காரத்தை மறுத்துக் 'கட்டைக்கூத்து' என்று பெயர் சூட்டிக்கொண்டபோது, பெயரோடு சேர்த்துக் கேட்டது இந்த மரியாதையைத்தான்.

பாணனுக்காக இனி யாரும் எதுவும் செய்ய முடியாது. பறைக்காரரும் கூத்துக்காரரும் மலைக்காரரும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அடிக்கமாட்டேன், ஆடமாட்டேன் என்றும் சொல்வார்கள். அப்போது நம் விழா கொஞ்சம் சத்தம் குறைந்து போகும். போகட்டும். அந்த மறுப்பும் இந்த மண்ணின் இசை வரலாற்றில் ஒரு பகுதி என்று எழுதிவைக்க வேண்டியது விமர்சகர்களின் வேலை.